அறை உண்டு, காற்று கிடையாது

ராட்டர்டாம்
9 ஜனவரி 1994

அன்புள்ள நோல்டா அக்காவுக்கு,

நானும் என் வீட்டுக்காரி அன்ஸும் சுகம். இங்கே கால்வாய் உறைந்து கிடக்கிறது, சறுக்கி விளையாடலாமென்று அன்ஸ் மட்டும் சந்தோஷமாக இருக்கிறாள். உன் முதுகு எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாமென்றால் உன் முங்கல் கடையில் காற்று நிரப்பும் அந்த கம்ப்ரஸர் கத்துகிற கத்தலில் நீ எதைக் கேட்டாலும் "என்னது, என்னது" என்கிறாய். அதனால்தான் காகிதம்.

நவம்பரில் பொனேர் தீவுக்கு வருகிறோம், இரண்டு வாரம். அம்மா அடக்கத்துக்கு வந்தபோது நாலு நாள் இருந்தேன், கடலில் கால்கூட நனைக்கவில்லை. இந்த முறை முங்குவதற்கென்றே வருகிறேன். படகெல்லாம் வேண்டாம். பிக்கப் வண்டியில் காற்று சிலிண்டரைப் போட்டுக்கொண்டு, முங்கும் இடத்துக்கு அடையாளமாக வைத்த மஞ்சள் கல்லைக் கண்ட இடத்தில் நிறுத்தி, கரையிலிருந்து நடந்தே இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயிரம் படி என்கிற நம் கரை.

நினைவிருக்கிறதா அக்கா? நான் சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு கில்டர் கூலி வாங்கி அந்தப் படிகளில் சுமந்து இறக்குவேன். நீ கரையில் மீன் வைத்த ரொட்டி விற்பாய். அமெரிக்காக்காரர்கள் கரையேறிச் சாப்பிட உட்கார்ந்ததும், அவர்கள் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை நாம் இருவரும் தின்று தீர்ப்போம். ஒரே வாய்க்குழாயை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் அந்த மேசைப் பாறை வரைக்கும் போவோம். நீ மூன்று மூச்சு இழுத்துவிட்டு எனக்கு இரண்டு தருவாய். ராட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருக்கும்போது சில நாள் அந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

எங்கே தங்கலாம் என்று நீயே சொல். தங்கும் இடம் பற்றி உன்னைவிடத் தெரிந்தவர் யார்?

உன் தம்பி
ருட்சல்

*

பொனேர்
27 ஜனவரி 1994

தம்பி ருட்சலுக்கு,

முதுகு அப்படியேதான். கம்ப்ரஸருக்கு பெல்ட் மாற்றினேன், எனக்கு மாற்ற வழியில்லை. அன்ஸுக்கு என் அன்பு.

மூன்று மூச்சு இழுத்தது நீ. இரண்டு கிடைத்தது எனக்கு. அதை முதலில் திருத்திக்கொள்.

இனி தங்கும் விஷயம். உறவென்று பார்க்காமல் சொல்கிறேன். டவுன் ஓட்டலில் நாலு தலையணை தருவார்கள், ஈர உடையைக் காயப்போட ஓர் ஆணி கிடையாது. மாமா மகன் பென்ச்சி ரின்கோனில் தன் வீட்டில் தங்கச் சொல்வான். பணம் வாங்கமாட்டான். ஆனால் கடலுக்கு மலையேறி இறங்கி வரவேண்டும், அவன் ஆடு உன் கால் துடுப்பை மென்றுவிடும். போன வருஷம் ஒரு பெல்ஜியம்காரருக்கு அது நடந்தது. நம் இடத்தில் எட்டு அறை. மாடியில் ஆறாம் நம்பர் உனக்கு. காற்று கிழக்கிலிருந்து வரும், கொசு நிற்காது, படுத்தபடியே கடல் தெரியும். சிலிண்டர் நிரப்பும் இடம் பத்தடி தூரம்.

நீ போன பிறகு சட்டம் நிறைய வந்துவிட்டது. கடல் பூங்காவுக்குப் பணம் கட்டி அனுமதி வில்லை ஒன்று வாங்கி உடையில் கோத்துக்கொள்ள வேண்டும். முதல் முங்கல் என் கடை வாசலில் இருக்கும் கடலில்தான், நாங்கள் பார்த்துத் திருப்தியான பிறகுதான் மற்ற இடம். கையுறை கூடாது, போட்டால் பவளத்தைத் தொடுவார்கள். வண்டியில் எதையும் வைக்காதே, கதவையும் பூட்டாதே. பூட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள்.

இத்துடன் உடல்நலப் படிவம். எல்லோருக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் ஆம், இல்லை என்று எழுதி அனுப்பு.

நோல்டா

*

ராட்டர்டாம்
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீயும் பென்ச்சி குடும்பமும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் பிறந்த கடலில் இறங்க நானே வில்லை வாங்க வேண்டுமா? உன் வாசலில் பரீட்சை வேறா? அன்ஸிடம் சொன்னேன். "ஒங்க அக்கா ஒங்கள பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் வாசல்ல நிக்க வைக்கப் போறாங்க" என்கிற தினுசில் சிரித்தாள். பரவாயில்லை, எழுதுகிறேன்.

அறை விஷயத்தில் ஒரு மாற்றம். மாடி வேண்டாம், கீழே கொடு. அன்ஸுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. இன்னொன்று, ஆயிரம் படியில் சிலிண்டரை இறக்கி ஏற்ற கூலிக்கு ஆள் கிடைக்குமா? இரண்டு பேர் இருந்தால் நல்லது.

அங்கே மீன் என்ன விலை விற்கிறது, பொரித்து வெங்காயம் வதக்கிப் போடுகிற அந்த ருசி இன்னும் உண்டா, எல்லாம் எழுது.

ருட்சல்

*

பொனேர்
11 மார்ச் 1994

தம்பி ருட்சலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை இல்லை, ஆடுகள் வேலிக் கள்ளியைத் தின்கின்றன, மற்றபடி குறையில்லை.

கீழ் அறையில் கம்ப்ரஸர் சத்தம் கேட்கும். உனக்காக எஞ்சினைக் காலை எட்டுக்குப் பிறகு ஓட்டச் சொல்கிறேன். இரண்டாம் நம்பர், எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று. அன்ஸ் போன ஆகஸ்டில் எனக்குப் போட்ட அட்டையில், நாலு நாள் நடைப் போட்டியை முடித்து மெடல் வாங்கினேன் என்று எழுதியிருந்தாள். ஆறு மாதத்தில் முழங்கால் போய்விட்டதா? கேட்டு எழுது, நல்ல தைலம் இருக்கிறது.

ஆயிரம் படியில் சுமக்க ஆள் கேட்கிறாய். தோளுக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டரைப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறினவன் நீ. அவை மொத்தமே எழுபது படி. ஏறி வருகிறவனுக்குத்தான் ஆயிரம்.

படிவம் வரவில்லை. இன்னொன்று வைத்திருக்கிறேன்.

மீன் விலை கேட்காதே, வயிறு எரியும். ருசி இருக்கிறது.

நோல்டா

*

ராட்டர்டாம்
18 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்கா,

சுகம். இங்கே துலிப் பூத்துவிட்டது, எங்கு பார்த்தாலும் சுற்றுலாப் பேருந்து. நீ நலமா?

படிவம் இத்துடன் இருக்கிறது. சின்ன சிலிண்டர் வைத்திருக்கிறாயா? பெரியது எதற்கு, வயசு ஆகிவிட்டது, பொறுமையாக இரண்டு மூன்று தடவை முங்கினால் போதும்.

விமான டிக்கெட் வாங்கியாயிற்று. நவம்பர் ஐந்து இறங்குகிறோம்.

ருட்சல்

*

பொனேர்
6 மே 1994

தம்பி ருட்சலுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் படிவத்தைக் கடை மேசையில் வைத்துப் பார்த்தேன். காது, மூக்கு, ஆஸ்துமா, வலிப்பு, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தி எழுதியிருக்கிறாய். இதயம் என்ற வரியில் ஒன்றுமே இல்லை. கை மறதி என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நான் பதினேழு வருஷமாக இந்தக் காகிதத்தை வாசிக்கிறேன். பொய் சொல்லத் தெரிந்தவன் 'இல்லை' என்று எழுதிவிடுவான். பொய்யும் சொல்ல முடியாமல் நிஜத்தையும் சொல்ல முடியாமல் இருக்கிறவன்தான் வெறுமையாக விடுவான்.

கீழ் அறை வேண்டும். சுமக்க ஆள் வேண்டும். சின்ன சிலிண்டர் வேண்டும். இரண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். சரக்கு கேட்கிறதைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடியாவிட்டால் நான் கடை வைத்து என்ன பிரயோஜனம்?

ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர் வந்தார். பள்ளி வாத்தியார், நல்ல மனிதர், மனைவிக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். அந்த வரியில் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். என் காற்றோடு இறங்கினார். கரைக்குத் தூக்கி வந்தபோது சிலிண்டரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்த அம்மாவோடு விமான நிலையம் வரை போனது நான்தான்.

என்ன ஆயிற்று, எழுது.

நோல்டா

*

ராட்டர்டாம்
30 ஜூன் 1994

அன்புள்ள அக்கா,

அன்ஸ் சுகம். அவள் முழங்காலும் சுகம்.

பதில் தாமதம். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

போன வருஷம் பிப்ரவரி. கிரேன் கூண்டில் தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தேன். சரக்குப் பெட்டி கொக்கியில் தொங்குகிறது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. பெட்டியை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தேன், அதில் மட்டும் எனக்குப் பெருமை. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். இதயத்தில் ஒரு பங்கு செத்துவிட்டதாம். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கா என்ன செய்வாள், இங்கே வந்து நிற்பாள், கடையை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது பாதி நிஜம். மீதி, உன் கண்ணுக்கு நான் இன்னும் பாட்டுப் பாடிக்கொண்டு படி ஏறுகிறவனாகவே இருக்கட்டுமே என்றிருந்தது.

டாக்டர் முங்கவே கூடாது என்கிறார். ஆனால் அக்கா, அந்த மேசைப் பாறை எவ்வளவு ஆழம்? ஆறு மீட்டர். குளத்தின் ஆழம். ஒரே ஒரு முறை அதில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நீயும் வா. மருத்துவமனையில் படுத்திருந்தபோது எல்லோரும் என்னென்னவோ நினைப்பார்களாம். நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து உன் முறை முடிவதற்காகக் காத்திருந்தேன்.

நீ நிரப்பித் தரவில்லையென்றால் தீவில் வேறு கடை இல்லாமலா போகும்? அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அந்த வரியில் 'இல்லை' என்று எழுத எனக்கும் கை வரும்.

கோபித்துக்கொள்ளாதே.

ருட்சல்

*

பொனேர்
15 ஜூலை 1994

தம்பி ருட்சலுக்கு,

உன் கடிதத்தைப் பென்ச்சிக்குக்கூடக் காட்டவில்லை. நீ உயிரோடு இருப்பதற்குக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இப்போது தொழில் பேசுகிறேன்.

அறை உண்டு. காற்று கிடையாது.

என்னைத் தவிர இந்தத் தீவில் சிலிண்டர் நிரப்புகிறவர்கள் நாலு பேர். திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நாலு கடைக்கும் போனேன். நீ விமானம் ஏறின அன்று விமான நிலையத்தில் எடுத்த படம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை ஸ்டூடியோவில் கொடுத்து நாலு பிரதி போட்டேன். ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லிவிட்டேன்.

துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருக்கிற எஃப்ரைன் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன நோல்டா, யாரு இவன்? ஒங்கிட்ட வண்டியத் திருடிட்டானா?" என்றான்.

"திருடன்னா ஒங்கிட்ட ஏன் வர்றேன், போலீஸ்ல குடுத்திருக்க மாட்டேன்? என் தம்பி. இதயம் கெட்டுக் கெடக்கு. நவம்பர்ல வந்து காத்து கேப்பான். குடுக்காத."

"பணம் குடுத்தாலுமா?"

"பணம் குடுத்தா வாங்கி வச்சுக்க. காத்து குடுக்காத."

"நீ எனக்குப் போட்டிக் கடைக்காரி. ஒன் பேச்ச நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேக்காத. அப்புறம் அவனத் தூக்கிட்டு வர்றப்ப நீயே என் வாசல்ல வந்து சொல்லு."

அவன் எழுந்து போய் ஒட்டும் டேப்பை எடுத்து வந்து, படத்தின் அடியில் 'காற்று கொடுக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினான். பத்து வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஒரு காப்பியும் கொடுத்தான், சர்க்கரை அதிகம்.

தெற்கே ஒரு கடை டச்சுப் பெண்ணுடையது. "இது சட்டப்படி சரியா மேடம்?" என்று கேட்டாள். "தெரியாதும்மா, நீ ஒட்டு" என்றேன்.

இவ்வளவுதான். நீ வா. காற்றைத் தவிர வேறு எது வேண்டுமென்றாலும் கேள்.

நோல்டா

*

பொனேர்
20 செப்டம்பர் 1994

தம்பி ருட்சலுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று அன்ஸ் ஒரு வரி போட்டிருந்தாள், அதில் நீ எதையும் சேர்க்கவில்லை.

நவம்பருக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் நம்பர் அறையை ஸ்விட்சர்லாந்திலிருந்து ஒரு கூட்டம் மூன்று முறை கேட்டது. இல்லை என்று சொல்லிவிட்டேன். மெத்தையை மாற்றியிருக்கிறேன். வாசலில் நிழலுக்குப் பந்தல் போட்டிருக்கிறேன்.

வரவில்லையென்றாலும் எழுது. அறையை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுது.

நோல்டா

*

ராட்டர்டாம்
8 அக்டோபர் 1994

அன்புள்ள அக்கா,

நலம். மாத்திரை ஒன்று குறைத்திருக்கிறார்கள்.

உன் ஜூலைக் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அஞ்சல்காரர் கை சுடும். "ஊர் முழுக்க என் மூஞ்சிய ஒட்டிட்டா" என்று அன்ஸிடம் கத்தினேன். டிக்கெட்டை ரத்து செய் என்றேன். அவள் போய் அந்தப் படத்தின் இன்னொரு பிரதியை எங்கள் ஆல்பத்திலிருந்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இவனத்தான் ஒட்டியிருக்காங்க. நீங்க யாரு?" என்றாள்.

அக்கா, அந்தப் படத்தில் எனக்கு ஒரு தலை நிறைய முடி. கூடை கவிழ்த்த மாதிரி. இடுப்பு என் இப்போதைய தொடை அளவு. மீசைகூட முளைத்து முடியவில்லை. இப்போது எனக்கு மண்டையில் ஒரு முடி கிடையாது, தாடி வெள்ளை, மூக்குக் கண்ணாடி. நான் எஃப்ரைன் கடையில் நின்று அந்தப் படத்துக்கு நேராகவே இரண்டு சிலிண்டர் வாங்கிப் போகலாம். இவ்வளவு கெட்டிக்காரி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின முகத்தைக் கொடுத்து வைத்திருக்கிறாய். உனக்கு அது தோன்றவே இல்லை, இல்லையா?

இரண்டு மாதம் அந்தத் தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழி திறந்துதான் இருந்தது. எந்தக் கடைக்குப் போவது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

பிறகு அந்த வாத்தியார் மனைவியோடு நீ விமான நிலையம் போனதை நினைத்தேன். என்னை வைத்து இன்னொரு முறை அந்தச் சாலையில் நீ வண்டி ஓட்டுவதை நினைத்தேன்.

இத்துடன் போன வாரம் எடுத்த படம், நாலு பிரதி. பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டச் சொல்.

டாக்டரிடம் கேட்டேன். மேலே மிதக்கலாமாம், கூட ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். படியில் இறங்கலாம், ஏறுவதுதான் கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று நீயே யோசி.

நவம்பர் ஐந்து. மாறவில்லை.

ருட்சல்

*

பொனேர்
29 நவம்பர் 1994

தம்பி ருட்சலுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அன்ஸின் அட்டை வந்தது. குளிரில் வெளியே அலையாதே. எனக்கு முதுகில் தோல் உரிகிறது. பன்னிரண்டு வருஷமாகக் கடலில் இறங்காத உடம்பை அரை மணி நேரம் வெயிலில் கவிழ்த்துப் போட்டால் வேறு என்ன ஆகும்?

பென்ச்சி இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். படி ஏறாமலிருக்கப் படகில் கூட்டிப்போனால், படகிலிருந்து இறங்க அக்காவும் தம்பியும் "நீ முதல்ல, நீ முதல்ல" என்று சண்டை போட்டீர்களே என்று. சிரிக்கட்டும். நான் பயந்தேன், உண்மைதான். எத்தனையோ பேரைக் கடலுக்குள் அனுப்பியவள், எனக்கே முகக் கண்ணாடிக்குள் மூச்சு முட்டியது. நீ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். உன் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்க நான் உன் மணிக்கட்டைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் மிதந்த இடத்துக்குக் கீழே மேசைப் பாறை அப்படியே இருந்தது. அதன் மேல் என் வாடிக்கையாளர்கள், அந்த ஸ்விஸ் கூட்டம், வரிசையாக மண்டியிட்டு ஏதோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சு குமிழ் குமிழாக ஏறி வந்து நம் இருவர் வயிற்றிலும் நெஞ்சிலும் மோதி உடைந்தது. நீ தண்ணீருக்குள்ளேயே சிரித்து உப்புத் தண்ணீர் குடித்தாய். நான் காலையில் நிரப்பின காற்று அது.

மறுநாள் விமான நிலையத்தில் நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ கவுண்டரில் நின்று அந்தப் பெண்ணிடம், "நேத்து முங்கினேம்மா. முங்கினவன் ஒரு நாள் பறக்கக் கூடாது. அடுத்த விமானத்துக்கு மாத்திக் குடு" என்றாய். அது ஊர் அறிந்த விதி, நான்தான் ஒவ்வொரு விருந்தாளியிடமும் விரல் நீட்டிச் சொல்கிறேன். மிதந்தவனுக்கு அந்த விதி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற அன்ஸ் கூரையைப் பார்த்தாள். அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து.

நீ பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றப் போனதும் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். பணம் கட்டாமல் மாற்ற வேண்டுமென்றால் நீ முங்கினாய் என்று முங்கல் கடையிலிருந்து ஒரு சீட்டு வேண்டுமாம்.

"நெசமாவே முங்கினாராக்கா? ஒங்க தம்பி படத்த எங்க மாமா கடையில பாத்தேன். காத்து குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு" என்றாள்.

எஃப்ரைனின் அக்காள் மகள். கடைப் பெயர் அச்சிட்ட கார்பன் சீட்டுப் புத்தகமும் முத்திரையும் என் பையில் எப்போதும் இருக்கும். அவளுடைய கவுண்டரிலேயே வைத்து நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினேன். அவள் வாசித்தாள், என்னைப் பார்த்தாள், டிக்கெட்டை மாற்றினாள். கார்பன் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அடுத்த நவம்பருக்கும் இரண்டாம் நம்பர் எழுதிவிட்டேன். அன்ஸுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
நோல்டா

இணைப்பு:
பெயர்: ருட்சல் ஜாங்கா. இடம்: ஆயிரம் படி. ஆழம்: ஆறு மீட்டர். கூட முங்கியவர்: நோல்டா ஜாங்கா, கடை உரிமையாளர்.